நொன்பிளஸ்

கடையில் வாங்கும் பாண் ரொட்டி சுற்றிவந்த ஆங்கிலப் பேப்பர்களைப் படித்தே ஆங்கிலம் கற்றவன் நான். திருகோணமலைத் துறைமுகத்தடியில் எங்கள் ஒழுங்கைக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை நானே வாசித்துச் சொல்வேன்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா கடிதமொன்றோடு கூப்பிட்டார். அவருடைய மகன் வேலை செய்த கப்பலின் கப்டன் எழுதியது. 'உங்கள் மகன் திரும்பவில்லை' என்பது விளங்கியது. அடுத்து வந்த 'நொன்பிளஸ்' விளங்கவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கம். நொன் என்றால் இல்லை, பிளஸ் என்றால் மேலும் என்று பிரித்துக்கொண்டேன்.

"மகன் இனி இல்லையாம், அக்கா."

அவர் அழவில்லை. எழும்பிப் போய், எரிந்துகொண்டிருந்த அடுப்பில் தண்ணீரை ஊற்றினார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடிதத்தோடு துறைமுகக் கந்தோருக்கு ஓடி, அக்காவிடம் நான் வாசித்துச் சொன்னதையும் சொன்னேன். கிளாக்கர் வாசித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெடியனைச் சாகடிச்சது நீர்தான். நொன்பிளஸ் எண்டது லத்தீனில இருந்து வந்த சொல். இதுக்கு மேல சொல்ல ஒண்டுமில்லை எண்டு திகைச்சு நிக்கிறது. பம்பாயில இறங்கின பெடியன் ஏன் கப்பலுக்குத் திரும்பேல்லை எண்டு கப்டனுக்கு விளங்கேல்லையாம். அவ்வளவுதான்."

திரும்பி ஓடிவந்து சொன்னேன். அக்கா ஈர விறகுகளை வெளியே இழுத்துப் போட்டார்.

"தெரியாதெண்டாத் தெரியாதெண்டு சொல்லியிருக்கலாமே, தம்பி."

இன்றைக்கும் யாராவது கடிதத்தை நீட்டினால், தெரியாத சொல்லைத்தான் என் கண் முதலில் தேடுகிறது.