ரயில் வராத ஊரில் டிக்கெட் கடை

பெரம்பலூரில் ரயில் கிடையாது. அந்த ஊரில் முதன்முதலாக ரயில் டிக்கெட் போடும் கடை திறந்தவள் நான். திறந்த அன்றைக்கே பக்கத்துச் செல்போன் கடைக்காரர், "ரயிலே வராத ஊர்ல யாருக்கும்மா டிக்கெட் விக்கப் போற?" என்று சிரித்தார். சுருக்கென்றது. இன்று டெல்லிக்கும் புனேக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைகள் அவர் கடையைத் தாண்டித்தான் என்னிடம் வருகிறார்கள். பார்த்து வயிறெரியட்டும் என்று நினைக்கிற அளவுக்கு எனக்குக் கொழுப்பு உண்டு.

ரயில் ஏற அரியலூர் போக வேண்டும். முதல் தடவை போகிறவர்களை நானே அங்கே போய் ஏற்றிவிடுவேன். கை காட்டினால் ரயிலும் நிற்கும் என்று நம்புகிற ஆட்கள் எங்கள் ஆட்கள்.

போன வருடம் ஒரு பெண்ணுக்கு டெல்லி ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. சொன்ன நாளில் போய்ச் சேராவிட்டால் வேலை கையைவிட்டுப் போய்விடும். நான் டிக்கெட் போட்ட ரயிலை விட்டால் வேறு ரயில்களில் இடமே இல்லை. அரியலூரில் முன்னாடியே போய் நின்றுகொண்டு போன் செய்தால், "அக்கா, சிறுவாச்சூர் கோயில்லேருந்து இப்பத்தான் வெளிய வரோம்" என்கிறாள். எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் அந்த அம்மனிடம் சொல்லாமல் கிளம்பமாட்டார்கள். அந்தக் கோயில் நடை திறப்பதே திங்களும் வெள்ளியும்தான். அன்று திங்கட்கிழமை வேறு, கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்!

அவள் அப்பா போனை வாங்கினார். "ரயில்காரங்ககிட்ட சொல்லி செத்த நிறுத்தி வைங்க தாயி."

"மினி பஸ்ஸுன்னு நெனச்சீங்களா?" என்று கத்திவிட்டேன். அரியலூர் ரோட்டில் சிமென்ட் லாரிகள் வழிவிடாது. "இங்க வராதீங்க. கார ஹைவேயில திருப்பி நேரா விருத்தாசலம் போங்க. ரயில் அடுத்து அங்க நிக்கும்."

அவள் இடம் பறிபோகாமல் பார்த்துக்கொள்ள, சாதா டிக்கெட் வாங்கிக்கொண்டு நானே ரயிலில் ஏறினேன். டிக்கெட் பரிசோதகர், "விருத்தாசலத்துல ஏறலன்னா இடத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்றார்.

"வந்துடுவா சார், நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டேனே தவிர, வழியெல்லாம் அவர்களுக்குப் போன் போட்டுக்கொண்டே வந்தேன். அந்தப் பிள்ளை வேலையை இழந்தால் நான் எந்த முகத்தோடு கடையைத் திறப்பது?

விருத்தாசலத்தில் ரயில் நின்றபோது அவளும் அப்பா அம்மாவும் மேம்பாலப் படிக்கட்டில் தடதடவென இறங்கி வந்தார்கள். அவளை ஏற்றி, பெட்டியை உள்ளே தள்ளி, நான் இறங்கவும் ரயில் நகரவும் சரியாக இருந்தது. அவள் கையசைத்துக்கொண்டே போனாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோபமும் அடங்கவில்லை.

"கும்புட்டமா கிளம்புனமான்னு இல்லாம அப்படி என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

அவள் அம்மா முந்தானையில் முடிந்திருந்த குங்குமத்தை எடுத்தார். "கும்புட்டுட்டு அப்பவே வெளிய வந்துட்டோங்க. உங்களுக்கு அர்ச்சனை பண்ணலியேன்னு பாப்பாதான் மறுபடியும் வரிசையில நிக்க வச்சிடுச்சு. பூசாரி பேரு கேட்டாரு, எங்களுக்குத் தெரியல. பெரம்பலூர் ஸ்டேஷன் மாஸ்டர்னு சொல்லிட்டோம்."

நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றேன்.