அலகு குத்தியவனும் ஒரு சின்ன ஊசியும்

போன வாரம், செபராங் ஜெயாவில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு பெட்டி வந்தது. பிரித்தால் உள்ளே ஒரு ரப்பர் கை. புதிதாகப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் ஊசி குத்திப் பழகுவதற்காம். ரப்பர் வாடையோடு பக்கத்து மேசையிலிருந்து ஸ்பிரிட் வாடையும் சேர்ந்துகொள்ள, எனக்கு லேசாகத் தலை சுற்றியது. பத்து வருடங்களாக ஊரார் கையிலெல்லாம் ரத்தம் எடுப்பவனுக்கு ஸ்பிரிட் வாடை ஆகாது என்று வெளியே சொன்னால் பிழைப்பு போய்விடும். உங்களிடம் சொல்லலாம், தப்பில்லை.

நான் பயிற்சி எடுத்தது ஜெலுத்தோங்கில், ஒரு மோட்டார் பட்டறைக்கு மேல்மாடியில். கீழே யாராவது எஞ்சினை முறுக்கினால் மேலே கண்ணாடிக் குழாய்கள் கிணுகிணுவென்று ஆடும். வகுப்பில் எட்டுப் பேர். சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற மலாய் மிஸ்ஸி. நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். ரப்பர் கை வாங்கும் வசதி அந்த இடத்துக்குக் கிடையாது. எங்களுக்கு நாங்களேதான் ரப்பர் கை. இரண்டிரண்டு பேராகப் பிரித்துவிடுவார், ஒருவர் கையை நீட்ட மற்றவர் குத்த வேண்டும்.

எனக்கு ஜோடி கலா அக்கா. புக்கிட் தெங்காவில் பதினெட்டு வருடம் தொழிற்சாலை வேலை. அது மூடியதும், நாற்பது வயதுக்கு மேல், நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் ஓர் இடம் காலியாக இருந்தது. சான்றிதழோடு வந்தால் வேலை என்று டாக்டர் சொல்லியிருந்தார். தேர்வில் தவறினால் அடுத்த வகுப்பு ஆறு மாதம் கழித்துத்தான், அதுவரை டாக்டர் காத்திருக்க மாட்டார். இதையெல்லாம் அக்கா முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார். கேட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே.

"பயப்படாதீங்கக்கா. நான் மூணு வருஷமா தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில்ல அலகு குத்துறவன். கன்னத்துல இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுப்பாங்க. இந்த ஊசியெல்லாம் கொசுக்கடி லா!"

அக்கா நம்பிவிட்டார். ரப்பர் பட்டையைக் கட்டினார், நரம்பைத் தடவிப் பார்த்தார், ஸ்பிரிட்டால் துடைத்தார், எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி. ஊசி உள்ளே போவதை நான் குனிந்து பார்த்தேன். அடுத்து நான் பார்த்தது மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியை. மூக்கில் தைல வாடை. என்னைச் சுற்றி எட்டு முகங்கள், அதில் ஒன்று மட்டும் வெளுத்துப் போயிருந்தது. மானம் கப்பலேறும் என்பார்கள். என்னுடையது பட்டர்வொர்த் ஃபெர்ரியைப் பிடித்துவிட்டது.

என் மானம் போனால் பரவாயில்லை. அன்றோடு கலா அக்காவின் கையும் போய்விட்டது. ஊசியை எடுத்தாலே நடுக்கம். மிஸ்ஸி ஜோடியை மாற்றிப் பார்த்தார், நடக்கவில்லை. அக்கா குழாய்களில் பெயர் ஒட்டுவதோடு நிறுத்திக்கொண்டார். தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது, என்னிடம் இரவல் வாங்கிய புத்தகத்தை மாடிப்படியில் நின்று திருப்பிக் கொடுத்தார்.

"நீ செத்துட்டேன்னே நெனச்சேன் தம்பி. நமக்கு இது சரிப்படாது."

எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்பதுகூடச் சின்ன வார்த்தை. ஒருத்தர் பிழைப்பை என் வெட்டிப் பேச்சு கெடுத்துவிட்டதே.

"தேர்வுல மறுபடி என் கையிலயே குத்துங்கக்கா."

"போடா! மலையில மட்டும் எப்பிடித் தாங்குன?"

உண்மையைச் சொன்னேன். "அங்க சுத்தி நின்னு வேல் வேல்னு கத்துவாங்க, உறுமி அடிப்பாங்க. பயப்பட எங்கக்கா நேரம்?"

அக்கா புத்தகத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

தேர்வு நாள். மிஸ்ஸி என்னை முன்னெச்சரிக்கையாகப் படுக்கவே வைத்துவிட்டார். அக்கா பட்டையைக் கட்டியதும் வாய்க்குள் முணுமுணுக்கத் தொடங்கினார், "வேல் வேல்... வேல் வேல்..." மிஸ்ஸி நிமிர்ந்து, "அபா இத்து?" என்று மலாயில் கேட்டார், என்ன அது என்று. எங்களோடு படித்த சீனப் பெண் மே லிங் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் வளர்ந்தவள். வருடா வருடம் வாசலில் நின்று காவடி பார்த்தவள். அவள்தான் முதலில் "வேல் வேல்!" என்று சத்தமாகச் சேர்ந்துகொண்டாள். பிறகு வகுப்பே கத்தியது. கீழே பட்டறையில் எஞ்சினை நிறுத்திவிட்டு மேலே எட்டிப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தேன். கண்ணைத் திருப்பியபோது குழாய் நிறைந்திருந்தது. அக்காவின் கை நடுங்கவில்லை. மிஸ்ஸி சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

அடுத்து என் முறை. கலா அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். முதல் குத்து தவறியது. அடுத்த கையில் இரண்டாவதும் தவறியது. இன்னொரு முறைதான் உண்டு என்றார் மிஸ்ஸி. அக்காவின் முழங்கை மடிப்பு நீலமாகிக்கொண்டிருந்தது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. வேண்டாமென்று அவர் கையை இழுத்துக்கொண்டிருந்தால் அன்றே நான் வேறு வேலை தேடியிருப்பேன்.

"நான் அலகெல்லாம் குத்துனதில்ல தம்பி, அதனால மயக்கம் வராது. மெதுவா தேடு," என்றார்.

மூன்றாவதில் கிடைத்தது.

கலா அக்கா அந்தக் கிளினிக்கில் ஏழெட்டு வருடம் இருந்துவிட்டு, மகளோடு ஜொகூர் போய்விட்டார். பட்டறை இப்போது காப்பிக் கடை, மேல்மாடி சுற்றுலாப் பயணிகளின் விடுதி. பயிற்சிக்கு வருகிறவர்கள் ஒருவர் கையில் ஒருவர் குத்தக் கூடாது என்று எங்கள் கூடத்தில் விதி வந்துவிட்டது. நல்ல விதிதான், நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தினமும் நாற்பது பேர் என் முன்னால் கை நீட்டுகிறார்கள். அது அவர்களுடைய தேவைக்கு. தவறப் போகிறேன் என்று தெரிந்தும், இவன் பிழைத்துக்கொள்ளட்டும் என்று எனக்காக நீட்டிய கை, கலா அக்காவுடையதற்கு அப்புறம் ஒன்றுகூட வரவில்லை.