அருவித் தண்ணீரில் கழுவிய தகடு

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒரு டாக்டரின் ஆஸ்பத்திரியில் சளி பரிசோதிக்கும் வேலை எனக்கு. காசநோய்க் கிருமிக்கு மெழுகு மாதிரி ஒரு கொழுப்புப் போர்வை உண்டு. சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சிவப்புச் சாயத்தை ஊற்றிச் சூடாக்கினால் அந்தப் போர்வையில் சாயம் ஏறிக்கொள்ளும். அப்புறம் அமிலத்தை ஊற்றினாலும் இறங்காது. மற்றதெல்லாம் வெளுத்து, அடுத்த சாயத்தில் நீலமாகிவிடும். மைக்ராஸ்கோப்பில் நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சி தெரிந்தால் காசம். என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்தான், மறைப்பானேன்?

எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்பு. சாயத்தைக் கழுவினால் கண்ணாடித் தகட்டில் வெள்ளை வெள்ளையாகப் படியும். காய்ச்சி வடித்த தண்ணீரோ அடிக்கடி தீர்ந்துபோகும். அது சாரல் காலம். குற்றால அருவித் தண்ணீரைவிடச் சுத்தம் உலகத்தில் உண்டா? பஸ்ஸில் ஒரு குடம் வரவழைத்துக் கழுவினேன். தகடு பளபளத்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்த வாரம்தான் கடையநல்லூரிலிருந்து ஒரு நெசவாளி வீட்டுப் பெண் மாமியாரோடு வந்தாள். விடாத இருமல், இடுப்பில் மூன்று மாதப் பிள்ளை. அவள் சளியில் நான்கு சிவப்புக் குச்சிகள்.

“அக்கா, பிள்ளையத் தூக்கலாமா?”

“தூக்கக் கூடாதும்மா. பாலும் குடுக்காத.”

அவள் பிள்ளையை மாமியார் கையில் கொடுத்துவிட்டு அவர்களுக்குப் பத்தடி தள்ளியே நடந்து போனாள்.

மறுநாள் டாக்டர், “அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல் இல்ல, மெலியல. இன்னொரு தடவ பாரும்மா” என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்னையா சந்தேகப்படுகிறார்? முறையில் தப்பில்லை என்று காட்ட என் எச்சிலையே தடவிச் சாயம் போட்டு, வழக்கம்போல் கழுவிப் பார்த்தேன். ஐயோ, அதிலும் சிவப்புக் குச்சி! எனக்கும் காசமா? உடனே முட்டை வெள்ளைக்கருவைத் தடவிப் பார்த்தேன். அதிலும் இருந்தது. முட்டைக்கு ஏது காசம்?

அருவித் தண்ணீர்க் குடத்தைத் திரும்பிப் பார்த்தேன். டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஆளை ஒன்றும் செய்யாத, அதே மெழுகுப் போர்வை போர்த்திய கிருமிகள் தண்ணீரிலும் உண்டு என்றார் டாக்டர். என் கர்வம் போன இடம் தெரியவில்லை. மிச்சமிருந்த அவள் சளியை எடுத்து, வடித்த தண்ணீரில் கழுவி மூன்று தகடு பார்த்தேன். மூன்றும் வெறும் நீலம்.

அடுத்த பஸ்ஸில் கடையநல்லூர் போனேன். தறிச் சத்தத்தையும் மீறிப் பிள்ளையின் அழுகை கேட்டது. அவள் பால் கட்டிய மாரை ஈரத்துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, பிள்ளைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

“ஒனக்கு ஒண்ணுமில்ல தாயி. தப்பு எம்மேலதான். நான் கழுவுன தண்ணி சரியில்ல.”

மாமியார் விளாசித் தள்ளிவிட்டாள். “ரெண்டு நாளா பச்சப்பிள்ளைய அழ வச்சிட்டியே, அல்லாவுக்கே அடுக்குமா?”

மருமகள் எதையும் காதில் வாங்கவில்லை. மாமியார் கையிலிருந்து பிள்ளையைப் பிடுங்காத குறையாக வாங்கி மடியில் போட்டாள். அழுகை நின்றது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிள்ளை வயிறாரக் குடித்துத் தூங்கும்வரை அவள் நிமிரவே இல்லை. அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“நெசமாத்தான் சொல்லுதியளா அக்கா?”