டிஸ்கஸ் தொட்டிக்கு வந்த பொங்கல் சீர்

என் மச்சானை எனக்குப் பிடிக்காது. மனைவியின் அண்ணனாயிற்றே என்று வெளியே காட்டிக்கொள்ளாமல் பல வருஷம் ஓட்டினேன். ஹனூர் பக்கம் மஞ்சள் பயிர் போடுகிறவர். மைசூரில் எந்த வேலை இருந்தாலும் விஜயநகரில் எங்கள் வீட்டில்தான் வந்து இறங்குவார். இறங்கியதும் கூடத்தில் இருக்கும் என் மீன் தொட்டியின் கண்ணாடியை நகத்தால் தட்டுவார். தட்டாதீங்க என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். சிரித்துக்கொண்டே இன்னொரு தட்டு.

அது டிஸ்கஸ் தொட்டி. டிஸ்கஸ் தட்டையாக, வட்டமாக, சாசர் அளவுக்கு வளரும் மீன். நல்ல சூடான தண்ணீர் வேண்டும். மைசூர் மார்கழிக் குளிரில் ஹீட்டர் நின்றால் அதன் கதை முடிந்தது. அதோடு வேறு என்ன மீன் விடலாம் என்பதுதான் பெரிய தலைவலி. தங்கமீனுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். பார்ப் மீன் துடுப்பைக் கடித்துக் குதறும். ஏஞ்சல் பார்க்க அழகு, ஆனால் டிஸ்கஸ் யோசித்து யோசித்து வாயைத் திறப்பதற்குள் தீனியை முடித்துவிடும். கடைக்காரரிடம் எதைக் காட்டிக் கேட்டாலும் ‘ஏனூ ஆகல்லா சார்’ என்பார். ஒன்றும் ஆகாதாம். செத்த மீனை அவரா அள்ளப் போகிறார்? அவர் பேச்சைக் கேட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, நானே தேடிப் படித்து, சூட்டைத் தாங்கும் கார்டினல் டெட்ராக்களையும், அடியில் மேய்ந்துகொண்டு யார் வம்புக்கும் போகாத கோரிடோரஸ்களையும் விட்டேன். எங்கள் வீட்டில் சண்டை இல்லாத இடம் அது ஒன்றுதான்.

மச்சானுக்கு அது பொறுக்கவில்லை. இத்தனை பெரிய தொட்டி, கல்யாண மண்டபத்தில் நாலே பேர் உட்கார்ந்த மாதிரி காலியாக இருக்கிறது என்பார்.

எங்கள் பக்கத்தில் பொங்கலுக்கு அண்ணன் தங்கை வீட்டுக்குச் சீர் இல்லாமல் வரமாட்டான். அரிசி, வெல்லம், கரும்பு, சேலை. ஒரு வருஷம் அவற்றோடு தண்ணீர் கட்டிய பிளாஸ்டிக் பை ஒன்றும் வந்தது. உள்ளே விரல் நீளத்தில் கறுப்பாக ஒரு சக்கர் மீன். கண்ணாடியில் பிடித்திருக்கும் பாசியை இது நக்கித் துடைத்துவிடும், கடைக்காரரே சொன்னார் என்றார். நான் வாயெடுப்பதற்குள் பையை அவிழ்த்துத் தொட்டியில் கவிழ்த்துவிட்டார்.

டிஸ்கஸின் உடம்பில் வழுவழுப்பாக ஒரு படலம் இருக்கும். அதன் குஞ்சுகளுக்கு அதுதான் தாய்ப்பால் மாதிரி. ஒட்டிக்கொண்டு தின்று வளரும். சக்கர் அந்த ருசியைக் கண்டுவிட்டால் பாசியைத் திரும்பிப் பார்க்காது. இதையெல்லாம் மனைவியிடம் பொறுமையாகத்தான் சொன்னேன். சீராக வந்ததை வெளியே எடுப்பது அண்ணன் முகத்தில் அடிக்கிற மாதிரி என்றாள்.

“எங்கண்ணன் கொண்டாந்தது அங்கதான் இருக்கோணும். எடுத்தீங்கன்னா நானும் ஹனூர் பஸ் ஏறிருவன்.”

விட்டுவிட்டேன். சில வாரங்களில் நீல டிஸ்கஸின் விலாவில் வட்டவட்டமாகப் புண். காசு அளவில் வாங்கி வளர்த்த முதல் மீன் அது. கறுத்துப்போய் மூலையில் ஒதுங்கி, தீனி எடுக்காமல் செத்தது. அன்றைக்கே யாரையும் கேட்காமல் சக்கரை வலையில் பிடித்து, வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் ஒரு சின்னத் தொட்டியில் போட்டேன். கொன்றுவிட மனசு வந்தது, கை வரவில்லை.

மனைவி பஸ் ஏறவில்லை. என்னோடு பேசுவதை நிறுத்தினாள். நீலம் செத்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சக்கருக்கு மட்டும் தினமும் வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டாள், என் கண் முன்னால், வேண்டுமென்றே. அது சாண் நீளத்துக்குக் கொழுத்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அடுத்த பொங்கலுக்கு மச்சான் காரை விட்டு இறங்கும்போதே கையில் பை தெரிந்தது. நான் கேட்டை மறித்துக்கொண்டு நின்றேன்.

“ஒத்தையில கெடக்குதுன்னு தங்கச்சி போன்ல சொல்லுச்சுங்க மாப்ள. அதான் சோடிக்கு ஒன்னு.”

“இங்க எடமில்லீங்க மச்சான்.”

“மீனுக்குங்களா, எனக்குங்களா?”

“ரெண்டு பேருக்குந்தானுங்க.”

இத்தனை வருஷம் தொண்டையில் கிடந்தது. சொன்னதும் உடம்பு லேசானது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

பின்னாலிருந்து மனைவி வந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. சீரை வாங்குவதுபோல இரண்டு கையாலும் பையை வாங்கிக்கொண்டு, உள்ளே வா அண்ணா என்று கூப்பிட்டுவிட்டு நடந்தாள். பின்பக்கத்துச் சின்னத் தொட்டிக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன். கூடத்திலேயே நின்றாள். டிஸ்கஸ் தொட்டியின் மூடியைத் தூக்கினாள், ரப்பர் பேண்டை நிதானமாகக் கழற்றினாள், பையைக் கவிழ்த்தாள்.

எது எதோடு சேராது என்று நான் அந்தக் கூடத்தில் பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் அவள் கேட்டிருக்கிறாள். மூடியைப் பழையபடி வைத்துவிட்டு, அண்ணனுக்குக் காபி கலக்கப் போனாள்.