தூங்கவில்லை என்று எழுதியவள்

என் ஜோக்குக்கு நானே முதலில் சிரிக்கும் முட்டாள் நான். தனியாக விமானம் ஓட்டப் போகிறவர்களுக்கு ஆபத்தைக் கணித்து முடிவெடுக்கக் கற்றுத்தருவது என் வேலை.

பறக்கும் முன் தூக்கம், உடல்நிலை, வானிலை பற்றி மாணவர்கள் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்த என் மாணவி மீனா, ‘சரியாகத் தூங்கவில்லை’ என்று எழுதி, அன்று பறக்க மறுத்தாள். பாராட்ட வேண்டிய நான், “இவங்களுக்குத் தாலாட்டு பாட ஆள் தேடணும் லா” என்றேன். வகுப்பே சிரித்தது.

அடுத்த வாரமும் அவள் தூங்கவில்லை. ஆனால் ‘நன்றாகத் தூங்கினேன்’ என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். தரையிறங்கும்போது விமானம் ஓடுபாதையை விட்டு விலகிக் கவிழ்ந்தது.

இடுப்பெலும்பு முறிந்து கிடந்தவள் மருத்துவமனையில் தூங்காததையும், என் கேலிக்குப் பயந்து பொய் எழுதியதையும் சொன்னாள். மன்னிப்புக் கேட்டேன். “மறுபடி பறக்க வருவியாம்மா?” என்றேன்.

“வருவேன் சார், உங்ககிட்ட இல்ல.”