சரஸ்வதிக்கு முன்னால் இரண்டு பிளேடு

எங்கள் அப்பாவுக்குக் கை சும்மா இராது. ஒரு ஸ்க்ரூ கண்ணில் பட்டால் அதைக் கழற்ற வேண்டும், கழற்றியதைத் திரும்பப் பூட்ட வேண்டும், பூட்டியதை நாங்கள் எல்லோரும் வந்து பார்த்து நல்லாயிருக்கு என்று சொல்லவும் வேண்டும். குசினி பூட்டுவது, அதாவது வீடுகளில் சமையலறை அலுமாரிகளைப் பொருத்துவது, அவருடைய தொழில். ஜெர்மனியில் தொடங்கிய தொழில். லண்டனுக்கு வந்த பிறகு நோர்பரிப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பாதிக் குசினி அவர் கைவேலைதான். அந்தக் கை என் ஸ்கேட்டிங் சப்பாத்தில் பட்ட கதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு செப்டம்பர். எனக்குப் பதினொரு வயது, செக்கண்டரி ஸ்கூல் தொடங்கிய மாதம். பனிச்சறுக்குக்காரருக்குப் போட்டிக்காலம் தொடங்குவதும் அப்போதுதான். கோடை முழுக்க ஒரு புது ஆட்டத்தை, புது இசைக்கு, ஆயிரம் தரம் விழுந்து பழகியிருப்போம். அது தேறுமா தேறாதா என்பது முதல் போட்டியில்தான் தெரியும். போதாக்குறைக்கு அந்தக் கோடையில் என் கால் வேறு வளர்ந்து தொலைத்தது. புதுச் சப்பாத்து வாங்கி, கடையிலேயே அதன் அடியில் பிளேடு பூட்டுவித்து, குதிக்கால் தோலுரிந்து, பிளாஸ்டர் ஒட்டி, அழுது, ஒரு மாதத்துக்குப் பிறகுதான் அது காலோடு இணங்கி வந்தது. ஆக்சில் என்று ஒரு துள்ளல் இருக்கிறது. முன்பக்கமாகப் புறப்பட்டு, ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, பின்பக்கமாக இறங்க வேண்டும். அது பத்துக்கு எட்டுத் தரம் எனக்கு வரத் தொடங்கியிருந்தது.

வந்தே ஆக வேண்டிய நிலைமை. முந்தின வருடம், கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் பொறுக்கி எடுக்கும் கிராமர் ஸ்கூல் சோதனையில் நான் கோட்டை விட்டிருந்தேன். எங்கள் ஆட்களிடையே அது லேசான குற்றமா? மாமா, அதாவது அம்மாவின் தமையன், தன் இரண்டு பெடியளையும் கிராமர் ஸ்கூலில் சேர்த்தவர். அதற்குப் பிறகு அவருக்கு வேறு கதையே கிடையாது. ஓகஸ்டில் அவர் வீட்டுப் பிறந்தநாள் விருந்தில், வாயில் பற்றிஸை வைத்துக்கொண்டே, "ஐஸில வழுக்கி விழுறதுக்கு ஒரு கோச் வேற வேணுமோ?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "முதல் போட்டியில முதல் மூண்டு பேருக்குள்ள வரவேணும். வராட்டி அதோட சரி. அடுத்த திங்களில இருந்து டியூஷன்" என்று அத்தனை பேருக்கும் முன்னால் அறிவித்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அங்கேதான், கையில் கேக் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

அப்பா சொன்னால் சொன்னதுதான். அது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே நான் பேய் பிடித்ததுபோலப் பழகினேன். விடிய ஐந்து மணிக்கு எழும்பி, அப்பா குசினிச் சாமான் ஏற்றும் வானில் ஸ்ட்ரெதம் ஐஸ் ரிங்குக்குப் போய், ஒன்றரை மணித்தியாலம் ஆடிவிட்டு, வானுக்குள்ளேயே பள்ளி உடுப்பு மாற்றிக்கொண்டு ஓடுவேன். வகுப்பில் தூங்கி விழுவேன்.

இதற்கிடையில் நவராத்திரி வந்தது. அந்த வருடம் மே மாதம் ஊரில் போர் முடிந்த விதத்துக்குப் பிறகு எங்கள் வீடுகளில் கொண்டாட்டம் என்று எதுவும் இல்லை. அவலும் கடலையுமாக அம்மா சுருக்கமாகத்தான் செய்தார். ஆனால் சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் வைக்காமல் விட ஏலுமா? எங்கள் வழக்கம் தெரியும்தானே: படிக்கிற பிள்ளைகளின் புத்தகம், வயலின், தொழில் செய்கிறவரின் ஆயுதம் எல்லாவற்றையும் சாமிக்கு முன்னால் வைத்துவிட வேண்டும். அடுத்த நாள் விசயதசமிப் பூசை முடியும் வரைக்கும் தொடக் கூடாது. எனக்கு அந்த வழக்கம் வலு விருப்பம். வருடத்தில் ஒரு நாளாவது கணக்குப் புத்தகத்தைத் தொடாதே என்று சொல்ல ஒரு கடவுள் இருந்தாரே.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான் நித்திரையால் எழும்பி, முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு பூசைக்கு வந்தேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால் அண்ணாவின் புத்தகங்கள், என் புத்தகங்கள், அப்பாவின் ட்ரில், சுத்தியல். அவற்றுக்குப் பக்கத்தில், சிவப்புப் பட்டுத்துணி விரித்த தட்டில், சந்தனமும் குங்குமமும் பூசி இரண்டு இரும்புத் துண்டுகள்.

என் பிளேடு. இரண்டும். சப்பாத்து இல்லாமல்.

வாசலுக்கு ஓடினேன். எல்லோருடைய செருப்புகளோடும் சேர்ந்து, அடிப்பாகம் வெறுமையாக, என் சப்பாத்து சாய்ந்து கிடந்தது. நான் போட்ட சத்தத்தில் அம்மா மணியை நழுவ விட்டுவிட்டார்.

நடந்ததை அண்ணாதான் சிரித்துச் சிரித்துச் சொன்னான். நான் படுத்திருந்த நேரம் அப்பா என் ஸ்கேட்டிங் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு சாமியறைக்கு வந்திருக்கிறார். அம்மா வாசலை மறித்துக்கொண்டாராம். "இஞ்சருங்கோ, உங்களுக்கென்ன விசரோ? சப்பாத்தைக் கொண்டுவந்து சரஸ்வதிக்கு முன்னால வைக்கிறதோ?" அப்பா கொஞ்ச நேரம் சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "சப்பாத்து வைக்கேலாதுதான். பிளேடு சப்பாத்தில்லைத்தானே" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூட்ரைவரை எடுத்திருக்கிறார்.

"நாளைக்குக் காலமை பூட்டித் தருவன், ரெண்டு நிமிஷ வேலை" என்றார் அப்பா, கொஞ்சமும் கூச்சமில்லாமல். போட்டிக்கு இன்னும் ஆறே நாள். திங்கள் காலைப் பயிற்சிக்கும் போக முடியவில்லை, சரஸ்வதி இன்னும் விடை கொடுக்கவில்லை என்று! நான் சாப்பிடாமல் படுத்தேன். யாரும் கெஞ்சாததால் பிறகு எழும்பி அவல் தின்றேன்.

திங்கட்கிழமை பள்ளியால் வந்தபோது சப்பாத்து தயாராக இருந்தது. அப்பா அதைப் புதுக் குசினியைக் காட்டுவதுபோலக் காட்டினார். "அந்தக் கடைக்காரன் கோணலாப் பூட்டியிருக்கிறான் பிள்ளை. நான் அளந்து பாத்தனான். நட்டநடுவில நேராக்கி விட்டிருக்கிறன்." பழைய ஓட்டைகளுக்குள் தீக்குச்சி செருகி, பசை விட்டு அடைத்து, புது ஓட்டை போட்டிருந்தார். நீர்மட்டக் குழாய் வைத்துப் பார்த்தாராம். நானும் அவ்வளவு நேராக இருக்கிறதே என்று நம்பிப் போனேன், மடைச்சி.

செவ்வாய்க்கிழமை ஐஸில் காலை வைத்தேன். என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. வெளிப்பக்கம் சாய்ந்து வளைய வேண்டிய இடத்தில் உள்பக்கமாக இழுத்தது. ஆக்சிலுக்குப் புறப்பட்டால் புறப்படும் முன்னமே விழுந்தேன். பத்துக்கு எட்டு வந்தது பத்துக்கு ஒன்றும் வரவில்லை. என் கோச் ஒரு வெள்ளைக்கார அம்மா, இலகுவில் அசையாதவர். சப்பாத்தைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, யார் பூட்டியது என்று கேட்டார். அப்பா என்றேன். அப்பா என்ன வேலை என்று கேட்டார். குசினி பூட்டுகிறவர் என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பிளேடு நட்டநடுவில் இருக்கவே கூடாதாம்! ஆளுக்கு ஆள், காலுக்குக் கால், ஒரு நூலளவு உள்ளே தள்ளித்தான் இருக்க வேண்டுமாம். கடைக்காரர் என்னை நிற்க வைத்து, நடக்க வைத்து, அரை நாள் மினக்கெட்டுச் செய்த அந்தக் கோணலைத்தான் எங்கள் அப்பா நேராக்கியிருந்தார். கடைக்கு போன் அடித்துக் கேட்டால், சீசன் தொடக்கம், அடுத்த திங்கள் பின்னேரத்துக்கு முன் நேரமே இல்லை என்றார்கள். போட்டி சனிக்கிழமை.

சனிக்கிழமையைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. லண்டனுக்கு வெளியே ஒரு ரிங்க். அம்மா இடியப்பப் பார்சலோடு வந்தார். அப்பா முன்வரிசையில், கலியாண வீட்டுக் கோட்டுப் போட்டுக்கொண்டு இருந்தார். நான் ஆக்சிலில் விழுந்தேன். எழும்பினேன். வேறொன்றில் விழுந்தேன், வாழ்நாளில் நான் அதில் விழுந்ததேயில்லை. ஒன்பது பேரில் ஒன்பதாவது.

உடுப்பு மாற்றும் அறைக்கு வெளியே அப்பா என் ஜாக்கெட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வீட்டில் கோபம் வந்தால் இங்கிலீஷில்தான் கத்துவேன். அன்றைக்கு ஒரு சொல்லும் தப்பிவிடக் கூடாதென்று தமிழில் சொன்னேன். "நீங்கள் வேணுமெண்டுதான் செய்தனீங்கள். நான் தோத்தாத்தானே ஸ்கேட்டிங்கை நிப்பாட்டலாம்."

அம்மா "வாயை மூடு" என்றார். அப்பா, "பிளேடு நான் பிழையாத்தான் பூட்டிப்போட்டன்" என்று மட்டும் சொல்லி, ஜாக்கெட்டை என் தோளில் போட்டார். எனக்கு அது போதவில்லை. அவர் சண்டை பிடித்திருந்தால் இன்னும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இடியப்பம் அப்படியே திரும்பி வந்தது.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வெளியே வந்தபோது கேற்றடியில் அப்பாவின் வான் நின்றது. டியூஷனுக்குத்தான் கொண்டுபோக வந்திருக்கிறார் என்று ஏறினேன். வான் டியூஷன் சென்டர் இருக்கும் தெருவைத் தாண்டிப் போனது. நேரே அந்தச் சப்பாத்துக் கடையில் போய் நின்றது. கடைக்காரர் சப்பாத்தைத் திருப்பிப் பார்த்து, எந்த மடையன் இதைச் செய்தான் என்று கேட்டார். அப்பா தன் ஓட்டை இங்கிலீஷில், நான்தான் சேர் என்றார். பிறகு கடைக்காரர் என் காலை அளந்து, பிளேடைக் கழற்றி, தீக்குச்சிகளைக் கிண்டியெடுத்து, திரும்பப் பூட்டும் வரைக்கும், அப்பா கையிரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவை அப்படி நான் அதற்கு முன் கண்டதில்லை. அவருக்கு வேண்டும், நல்லாய் வேண்டும் என்று நினைத்தேன்.

செவ்வாய் விடிய ஐந்து மணிக்கு வழக்கம்போல, "எழும்பு பிள்ளை, நேரம் போகுது" என்றார். அதற்குப் பிறகு ஆறு வருடம் நான் போட்டிகளில் ஆடினேன். டியூஷன் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. மாமாதான் காணும்போதெல்லாம், "என்ன மச்சான், முதல் மூண்டெண்டு சொன்னீர்?" என்று இழுப்பார். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு வேறு கதைக்குப் போய்விடுவார். சொன்னதை அப்பா மறந்துபோனார், நாமாக ஞாபகப்படுத்தி மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தேன். ஜெர்மனியில் தான் பூட்டிய முதல் குசினியின் அளவை இன்றைக்குக் கேட்டாலும் மில்லிமீட்டர் பிசகாமல் சொல்கிற மனுசன் அவர். அவருக்குத்தான் மறதி என்று எத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்!