இரவல் போன வெள்ளிக்கிழமை பீரியட்

பிரேசர் டவுன் சர்ச்சை ஒட்டிய தொடக்கப் பள்ளியில், தலைமையாசிரியை டோரீன் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. பிரேயர் முடிந்ததும் வராந்தா, மாடி, தண்ணீர்க் குழாய் என்று நடக்கத் தொடங்கிவிடுவார். கையெழுத்து வேண்டுமானால் கூடவே நடந்துதான் வாங்க வேண்டும்.

ஹோம் சயின்ஸில் அவருக்கு அபார நம்பிக்கை. பட்டன் தைக்கவும் காய் நறுக்கவும் பையன்களுக்கும் தெரிய வேண்டும் என்று ஆண்டு விழா தவறாமல் பேசுவார், கைதட்டல் விழும். அதற்கென வெள்ளிக்கிழமை கடைசி பீரியடும், பிரிஜெட் என்ற டீச்சரும் உண்டு. அந்த பீரியடைத்தான் கணக்கு வாத்தியார் பாலசுப்ரமணியன் வாராவாரம் இரவல் கேட்பார். டோரீனும் கொடுத்துவிட்டு, கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்படி பிரிஜெட்டிடம் கன்னடம் கலந்து சொல்வார்.

"இன்னிக்கு ஒரு நாள் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா."

"போன வாரமும் ஒரு நாள்தான் மிஸ்," என்பார் பிரிஜெட். வகுப்புக்கு வாங்கி வந்த வெள்ளரிக்காய் ஸ்டாஃப் ரூமில் மிளகாய்த்தூளோடு தீர்ந்துபோகும்.

இந்த ஜூனில் பள்ளிச் செயலாளர் ஓஸ்வால்ட் வந்தார். அந்த பீரியடை ஒரு கோடிங் கம்பெனிக்குத் தந்துவிடலாமா என்று யோசனை. தந்தால் பிரிஜெட்டுக்கு வேலை இல்லை. ஓஸ்வால்ட் டோரீனையும் கூட்டிக்கொண்டு நேராக நான்காம் வகுப்புக்குப் போனார்.

"வெள்ளிக்கிழமை லாஸ்ட் பீரியட் என்ன?"

"மேத்ஸ், சார்!" வகுப்பே கூவியது.

"இல்லாத சப்ஜெக்ட்டுக்கு டீச்சர் எதுக்கு மேடம்?"

டோரீன் வராந்தாவின் கோடிவரை போய்த் திரும்பினார். "கணக்குல நம்ம ரிசல்ட் ஏறியிருக்கா, இல்லையா?"

"ஏறியிருக்கு."

"இந்த பீரியட்லதான் ஏறுச்சு. கோடிங்காரன் வந்தா இரவல் குடுப்பானா? பிரிஜெட் மாதிரி யாரு சார் விட்டுக்குடுப்பா?"

ஓஸ்வால்ட் சிரித்துவிட்டார். "சரி, இந்த வருஷம் இருக்கட்டும்."

அவர் ஸ்கூட்டர் கேட்டைத் தாண்டியதும் பிரிஜெட் சொன்னார்: "என் வேலையைக் காப்பாத்திட்டீங்க மிஸ். கிளாஸைத்தான் காணோம்."

டோரீன் மாடி ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடுக்கு மணி அடித்தது. வகுப்பு வாசலில் ஒரு பக்கம் பிரிஜெட், கையில் வெள்ளரிக்காய்ப் பை. மறு பக்கம் பாலசுப்ரமணியன், கையில் சாக்பீஸ். அடுத்த வாரம் டெஸ்ட். இருவரும் டோரீனைப் பார்த்தார்கள். டோரீன் வாட்சைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார்.

"சார், இன்னிக்கு ஒரு நாள் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

சொன்ன வேகத்தில் அங்கிருந்து நழுவினார். கணக்கு ரிசல்ட் என்ன ஆகுமோ என்ற கவலையில் உடனே திரும்பியும் வந்தார். ஜன்னலுக்கு வெளியே, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றபடி, நாற்பது பிள்ளைகளும் வெள்ளரிக்காய் நறுக்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.